ஏற்றுமதி பெருகினால் ஆறு கெடுமா, தேறுமா? திருப்பூரை வைத்து ஒரு கேள்வி

கேள்வி: முதுகலைக்காரி

வணக்கம். கோவையில் பொருளியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வளரும் நாடு ஒன்று வெளிநாட்டு வணிகத்துக்குக் கதவைத் திறந்துவிட்டால் அதன் நீருக்கும் நிலத்துக்கும் என்ன ஆகும் என்பது எனக்கு வந்த தலைப்பு. "புத்தகத்தில் இருப்பதை அப்படியே இறக்கி வைக்காதே, ஓர் ஊரை எடுத்துக்கொண்டு எழுது" என்று பேராசிரியை சொல்லிவிட்டார். திருப்பூரை எடுத்திருக்கிறேன். அங்கே பெரியம்மா வீடு இருப்பதால் தங்கும் செலவு இல்லை என்பதும் ஒரு காரணம்தான்.

புத்தகம் சொல்வது இது. 1991இல் கிராஸ்மன், குரூகர் என்ற இருவர் அமெரிக்கா, மெக்சிகோ வணிக ஒப்பந்தத்தை ஆராயும்போது விளைவுகளை மூன்றாகப் பிரித்தார்கள். உற்பத்தி கூடினால் கழிவும் கூடும். எந்தத் தொழில் வளர்கிறது, எது சுருங்குகிறது என்பதைப் பொறுத்துக் கழிவு ஏறலாம், இறங்கலாம். மூன்றாவதாக, வருமானம் உயர்ந்த பிறகு மக்கள் தூய்மையைக் கேட்பார்கள், நல்ல இயந்திரங்களும் வரும், கழிவு குறையும். மொத்தத்தையும் படமாக வரைந்தால் கவிழ்த்து வைத்த கிண்ணம் போல ஒரு வளைவு வரும்: முதலில் கெட்டு, பிறகு தேறும்.

திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆறு இந்த வளைவில் நடந்ததா? 2025 ஜூலையில் பிரிட்டனுடன் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது, பின்னலாடைக்கு வரி போகிறது, ஆர்டர் கூடும் என்கிறார்கள். ஆறு மறுபடி கெடுமா, அல்லது கிண்ணத்தின் அந்தப் பக்கம் இறங்கிவிட்டோமா? தொழிலில் இருப்பவர்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில் 1: பழைய டையிங் மாஸ்டர்

அம்மணி, உங்கள் கிண்ணத்தை நான் பார்த்ததில்லை. 1986 முதல் 2019 வரை சாயப்பட்டறையில் இருந்தவன் நான். முதலில் மூட்டை தூக்கினேன், பிறகு சாயமேற்றும் வின்ச் இயந்திரம் ஓட்டினேன், கடைசிப் பதினெட்டு ஆண்டுகள் மாஸ்டர். எனக்குத் தெரிந்த கணக்கு உப்புக் கணக்கு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பருத்தித் துணியை ரியாக்டிவ் சாயத்தில் போட்டால் சாயம் தண்ணீரிலேயே கிடக்கப் பார்க்கும், துணியில் ஏறாது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். உப்பைக் கொட்டினால்தான் ஏறும். ஏறிய பிறகு சோடா போட்டுப் பிடிக்க வைப்போம். வெளிர் நிறத்துக்கு லிட்டருக்கு 20, 30 கிராம் உப்பு போதும். கறுப்பு, நேவி என்றால் 80 கிராம். அந்தக் கால வின்ச்சில் ஒரு கிலோ துணிக்குப் பத்து லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். ஆக, 100 கிலோ கறுப்புத் துணிக்கு 1,000 லிட்டர் தண்ணீர், 80 கிலோ உப்பு. இந்த உப்பில் ஒரு கிலோகூடத் துணியோடு போகாது. சாயத்தை ஏற்றிவிட்டு அத்தனையும் சாக்கடைக்கு வரும். டீ-சட்டை ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியது, ஏறக்குறைய அதே எடை உப்பு நொய்யலில் இறங்கியது. ஆற்றின் நிறத்தைப் பார்த்துத்தான் பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள். நிறத்தை ஏதாவது போட்டு வெளுத்துவிடலாம். கரைந்த உப்பை என்ன செய்வது?

எந்தத் தொழில் வளர்கிறது என்று உங்கள் புத்தகம் கேட்கிறதல்லவா, அங்கேதான் திருப்பூரில் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள். இந்த ஊர் வெள்ளை பனியன் ஊர். வெள்ளைக்கு பிளீச்சிங் போதும். 1978 வாக்கில் மும்பை வணிகர்கள் வழியாக இத்தாலி நாட்டு வியாபாரி ஒருவர் வந்து வாங்கியதும் வெள்ளைச் சட்டைதான். கலர் பின்னால் வந்தது. 1980களின் தொடக்கத்தில் சாயம், பிளீச்சிங் இரண்டையும் சேர்த்தே நூறு பட்டறை தேறாது. 2000 வாக்கில் எழுநூறைத் தாண்டிவிட்டது. நடுவில் 1991 தாராளமயமாக்கல் வந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. அரசாங்கக் கணக்கில் அன்றும் 'பின்னலாடை', இன்றும் 'பின்னலாடை'. ஒரே வரி. அந்த வரிக்குள்ளே வெள்ளை கறுப்பாக மாறியதை எந்த அட்டவணையில் தேடுவீர்கள்? பையர், அதாவது துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர், அடுத்த குளிர்காலத்துக்கு நேவி என்று நிற அட்டையில் விரல் வைத்தால் இங்கே லிட்டருக்கு 50 கிராம் உப்பு கூடும். அவருக்கு அது தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை.

இப்போது வெளிநாட்டார் கட்டுப்பாடு எங்களைத் திருத்தியதா என்று பார்ப்போம். திருத்தியது, ஒரு விஷயத்தில். உடைந்தால் புற்றுநோய் உண்டாக்கும் அமீன்களாக மாறக்கூடிய சில அசோ சாயங்களை ஜெர்மனி 1994இல் தடை செய்தது. நம் அரசு அவற்றைத் தடை செய்தது 1997இல். எங்கள் பட்டறை அரசுக்காகக் காத்திருக்கவில்லை. ஆர்டர் தாளில் அந்த நிபந்தனை வந்த அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அலமாரியிலிருந்து டப்பாக்களை இறக்கினோம், மாலைக்குள் அலமாரி காலி. ஏன் அவ்வளவு வேகம்? துணியைச் சோதித்தால் அகப்பட்டுக்கொள்வோம், கண்டெய்னரோடு திரும்பி வரும். உப்பு துணியில் இல்லையே! அதனால் உப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஒரு தடவை பையர் தரப்பிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். 1998 இருக்கும். வெள்ளைத் துண்டுத் துணியை ஈரமாக்கி எங்கள் மெரூன் துணியில் பத்து முறை தேய்த்துப் பார்த்தார், கறை ஏறுகிறதா என்று. கழிப்பறையைப் பார்த்தார். சின்னப் பையன்கள் வேலை செய்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். பின்பக்கக் கால்வாய்க்கு மேல் அன்று காலைதான் தகரம் போட்டு மூடியிருந்தோம். தகரம் வாங்கி வந்தவன் நான். அவர் அதன் மேலேயே நின்று டீ குடித்துவிட்டுப் போனார். நல்ல மனிதர். கீழே ஓடுவதைப் பார்ப்பது அவர் வேலைப் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான்.

இயந்திரம் வந்தது, அதை மறுக்கமாட்டேன். சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தில் கிலோவுக்கு ஆறு லிட்டர் போதும். அதே 100 கிலோ கறுப்புக்கு 48 கிலோ உப்பு. ஏற்றுமதிக் காசு இல்லாமல் அந்த இயந்திரத்தை யார் வாங்கியிருப்பார்கள்? ஆனால் வின்ச்சில் 100 கிலோ போட்ட பட்டறை சாஃப்ட் ஃப்ளோ வந்ததும் 300 கிலோ போட்டது. 144 கிலோ உப்பு. வங்கிக் கடனைக் கட்ட வேண்டுமே, இயந்திரத்தை நிறுத்தி வைக்க முடியுமா?

ஆக, ஆறு தேறியது வருமானத்தாலும் இல்லை, பையராலும் இல்லை. வழக்கு. சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில், ஆற்றில் ஒரு சொட்டும் விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்று கெடு வைத்தது, அதுவரை விடும் கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி அபராதமும் போட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அப்போதும் எங்கள் ஆட்கள் அவகாசம், அவகாசம் என்று இழுத்தார்கள். 2011 ஜனவரி 28, எல்லாப் பட்டறைகளையும் மூடச் சொல்லி உத்தரவு. பாய்லர் ஆறிப்போன பட்டறை எப்படி இருக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. மறுவாரம் வெளிமாநிலப் பையன்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் முதலாளி சாயம் போடாத கிரே துணியை லாரியில் ஏற்றி வெளியூருக்கு அனுப்பி, அங்கே சாயம் போட்டு வரவழைத்தார். ஆர்டர் தப்பவில்லை. அந்த ஊரில் தண்ணீர் எங்கே போனது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பதில் 2: சென்னிமலைப் பக்கத்து விவசாயி

மாஸ்டர் ஐயா தகரம் வாங்கிய கதையைத் தானே சொல்லிவிட்டார். அதனால் எனக்குக் கோபம் பாதி குறைந்தது. மீதிப் பாதியோடு எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. 1992இல் அணை கட்டி முடித்தார்கள். ஈரோடு, கரூர் பக்கம் சுமார் 20,000 ஏக்கருக்குப் பாசனம் என்று கணக்கு. அப்பா அந்த நம்பிக்கையில் கடன் வாங்கி வாய்க்கால் மேட்டை உயர்த்தினார். திருப்பூரில் 1991க்குப் பிறகு நடந்ததை மாஸ்டர் எழுதியிருக்கிறார். இரண்டும் ஒரே நேரம். தண்ணீர் தேக்கக் கட்டிய அணை, மேலே இருந்து வந்த சாயக்கழிவைத் தேக்கியது. தேங்கியது நிலத்துக்குள் இறங்கி எங்கள் கிணறுகளுக்கு வந்தது.

முதலில் மாடுதான் சொன்னது. தொட்டியில் மூக்கை வைத்துவிட்டுத் தலையைத் தூக்கிக்கொள்ளும். புண்ணாக்கு கரைத்தால் குடிக்கும், வெறும் தண்ணீர் என்றால் குடிக்காது. பிறகு தென்னை ஓலை நுனி கருகியது, இளநீரே கரித்தது. கோடையில் வாய்க்கால் ஓரம் வெள்ளையாகப் பூக்கும். தங்கை அதைச் சுண்ணாம்பு என்று நினைத்துத் திண்ணையில் கோலம் போட்டுப் பார்த்தாள். அணையிலிருந்து தண்ணீர் விடச் சொல்லித்தான் ஊர் உலகத்தில் விவசாயி போராடுவான். நாங்கள் தண்ணீரை விட்டுவிடாதீர்கள் என்று மனுக் கொடுத்தோம். அந்த மனுவை வாங்கிய அதிகாரி இரண்டு முறை படித்தார்.

அம்மணி, வருமானம் உயர்ந்தால் மக்கள் தூய்மையைக் கேட்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். யாருடைய வருமானம், எந்த மக்கள்? வருமானம் உயர்ந்தது மேலே திருப்பூரில். தூய்மையைக் கேட்டது கீழே நாங்கள், வருமானம் போன பிறகு. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் வழக்குப் போட்டபோது எங்கள் ஊரில் ஏக்கருக்கு இவ்வளவு என்று வசூலித்துத்தான் வண்டிச் செலவு பார்த்தோம். ஏற்காடு எக்ஸ்பிரஸில் முன்பதிவு இல்லாத பெட்டியில், மடியில் கிணற்றுத் தண்ணீர் பாட்டில்களோடு சென்னைக்குப் போனவர்களில் நானும் ஒருவன். டிக்கெட் பரிசோதகர் பாட்டிலைப் பார்த்து "ஊர்த் தண்ணீரா, கொஞ்சம் கொடுங்கள்" என்றார். என்ன சொல்வது!

ஒரு நாடு என்று உங்கள் புத்தகம் பேசுகிறது. இங்கே ஆற்றின் மேட்டில் ஒரு நாடு, பள்ளத்தில் ஒரு நாடு. இரண்டுக்கும் நடுவே அறுபது கிலோமீட்டர்கூட இல்லை.

ஏற்றுமதியே வேண்டாம் என்பவன் அல்ல நான். அணைக்குப் பக்கத்தில் கொடுமணல் இருக்கிறது. சங்கப் பாடலில் கொடுமணம் என்று வரும் ஊர்தான். மணிக்கற்களை அறுத்து மாலை கோத்துக் கடல் கடந்து அனுப்பியதற்கு அகழாய்வில் அடையாளம் கிடைத்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இதே நொய்யல் கரையில் ஏற்றுமதி நடந்திருக்கிறது. கல்லுக்கு உப்பு தேவைப்படவில்லை போலிருக்கிறது.

பதில் 3: ஆம்பூர்க்காரன்

எங்கள் பாலாற்றையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே கதை கொஞ்சம் வேறு. பச்சைத் தோலை அப்படியே ஏற்றுமதி செய்யாதே, இங்கேயே பதனிட்டு முடித்த தோலாக, செருப்பாக அனுப்பு என்று 1970களில் அரசே கொள்கை வகுத்தது. வேலையும் அந்நியச் செலாவணியும் வந்தன, பொய்யில்லை. ஆனால் தோல் தொழிலில் மிக நாறும் வேலை எதுவோ, அதுவும் சேர்ந்து இங்கேயே நின்றது. தைத்த செருப்பு மட்டும் போனது.

ஜெர்மனி 1989இல் பென்டாகுளோரோபீனால் என்ற பூஞ்சைக்கொல்லியைத் தடை செய்ததும் இங்கே சட்டென்று மாற்றிக்கொண்டார்கள். மாஸ்டர் சொன்ன அதே காரணம்: அது தோலில் தங்கும், சோதனையில் தெரியும். தோல் அழுகாமலிருக்கப் போடும் உப்பும், பதனிடப் பயன்படுத்திக் கழுவிவிட்ட குரோமியமும் பாலாற்று மணலில் இறங்கின. அதற்கு 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வர வேண்டியிருந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு. கெடுத்தவனே செலவைக் கட்ட வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அதுதான். உங்கள் கட்டுரைக்கு அவசியம் தேவைப்படும்.

கேட்டவர்: முதுகலைக்காரி

மூவருக்கும் நன்றி. மேட்டு நாடு, பள்ள நாடு என்பதை அண்ணனிடம் அனுமதி கேட்டு எடுத்துக்கொள்கிறேன். மாஸ்டர் ஐயாவிடம் இன்னொரு கேள்வி: 2011க்குப் பிறகு சுத்திகரிக்கும் செலவை யார் சுமக்கிறார்கள்? சட்டையின் விலையில் ஏறியதா?

பதில் 4: பழைய டையிங் மாஸ்டர்

விலையில் ஏறியிருந்தால் இந்த ஊரே பொங்கல் வைத்திருக்கும். பங்களாதேஷ் சட்டை 2001 முதல் ஐரோப்பாவுக்கு வரியில்லாமல் போகிறது, நம் சட்டைக்கு 9 சதவீதத்துக்கு மேல் வரி. பையரிடம் போய் "ஐயா, நாங்கள் ஆற்றைக் கெடுக்காமல் சாயம் போடுகிறோம், கிலோவுக்கு ஐந்து ரூபாய் சேர்த்துக் கொடுங்கள்" என்றால், கையைக் குலுக்கிப் பாராட்டிவிட்டு டாக்காவுக்கு டிக்கெட் போடுவார். ஆகவே ஏற்றுமதியாளர் பட்டறைக்குக் கொடுக்கும் சாயக்கூலியை, ஜாப் ஒர்க் ரேட்டை, இறுக்கினார், பட்டறைக்காரர் தாங்கினார், தாங்க முடியாதவர் கடையை மூடினார். 2011இல் மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. அதனால்தான் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பல மறுபடி எழுந்தன. இப்போது பதினெட்டு ஓடுகின்றன.

அங்கே என்ன நடக்கிறது என்று போய்ப் பாருங்கள். கழிவை வடிகட்டி, ஆர்ஓவில் தள்ளி, நல்ல தண்ணீரைப் பட்டறைக்கே திருப்பி அனுப்புகிறார்கள். மிஞ்சும் கெட்டியான உப்புத் தண்ணீரில் ஒரு பகுதியை அடுத்த சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். இது நிஜமாகவே கெட்டிக்காரத்தனம். பாக்கியை எவாப்பரேட்டரில் கொதிக்க வைத்து உப்பாக எடுக்கிறார்கள். கொதிக்க வைக்க விறகு எரிகிறது, மின்சாரம் போகிறது. ஆற்றில் போனதில் கொஞ்சம் புகைபோக்கி வழியாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பயன்படாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக ஷெட்டில் அடுக்கிக் கிடக்கும். மூட்டையைத் தொட்டால் கை பிசுபிசுக்கும், மழைக்காலத்தில் அது தானாகக் கசியும். அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பதற்கு நான் வேலையை விடும் வரை நல்ல பதில் கிடைக்கவில்லை.

விவசாயி தம்பிக்கு ஒன்று. ராத்திரியில் திருட்டுத்தனமாகத் திறந்துவிடும் பட்டறைகள் இன்னும் உண்டு. ஆனால் அவற்றில் பல உள்ளூர்ச் சந்தைக்கு வேலை செய்பவை. ஏற்றுமதிக்கு வேலை செய்யும் பட்டறை கண்ணில் படும், பிடிபட்டால் ஆர்டர் போகும். அதனால் கதவை மூடினால் ஆறு தேறும் என்றும் சொல்ல முடியாது.

பிரிட்டன் ஒப்பந்தம் பற்றிக் கேட்டீர்கள். ஆர்டர் கூடினால் துணி கூடும், துணி கூடினால் உப்பு கூடும். அந்தப் பதினெட்டு நிலையங்களின் கொள்ளளவுக்குள் அது அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்காத கிலோ எந்த ஊருக்கு லாரியில் போகிறது என்று விசாரியுங்கள். 2011இல் நாங்கள் கேட்காமல் விட்ட கேள்வி அது.

திருப்பூர் வந்ததும் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பேனா அளவுதான் இருக்கும். சுத்திகரித்து வெளியே விடும் நீருக்கு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்பது பழைய வரம்பு. பெரியம்மா வீட்டு ஆழ்துளைக் கிணற்றிலிருந்தே அளக்கத் தொடங்கலாம்.

கேட்டவர்: முதுகலைக்காரி

மீட்டர் நாளைதான் வாங்குவேன். இப்போது தொலைபேசியில் பெரியம்மாவிடம் கேட்டேன். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாதாம். குழாயில் வெளியூர் ஆற்றுத் தண்ணீர் வரும் நாளில்தான் வீட்டில் சாம்பாராம், மற்ற நாளெல்லாம் ரசம். "முப்பது வருஷமாக அப்படித்தானே, உனக்குத் தெரியாதா?" என்கிறார். நானும் விடுமுறைக்கெல்லாம் போய் அந்த ரசத்தைச் சாப்பிட்டவள்தான்.